இரண்டு ரைடர்கள் ஒரே அணியில் நிற்க முடியுமா?

காணும் பொங்கலுக்கு மறுநாள் இரவு, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கபடிப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்த நிலத்தைச் சமப்படுத்தி, செம்மண் கொட்டி, சுற்றிலும் சவுக்குக் கட்டைகள் நட்டு விளக்கு கட்டியிருந்தார்கள். நள்ளிரவைத் தாண்டி இறுதி ஆட்டம் தொடங்கியது. உள்ளூர் அணி இம்முறை கோப்பையை விடக் கூடாது என்ற உறுதியுடன் வெளியூரிலிருந்து பெயர் பெற்ற இரண்டு ரைடர்களை அழைத்து வந்திருந்தது. பணம் ஊரில் வசூலானது.

முதல் பத்து நிமிடங்கள் திருவிழாதான். ஒருவர் மாற்றி ஒருவர் பாடிச் சென்று புள்ளி எடுத்தார்கள். பிறகு ஒருவர் பிடிபட்டார். மற்றவர் தனியாக மூன்று முறை சென்று, மூன்றாம் முறை அவரும் மடக்கப்பட்டார். இருவரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே ஐந்து உள்ளூர்ப் பையன்கள் எதிரணியைச் சமாளிக்க வேண்டியிருந்தது. இருவரும் திரும்பி உள்ளே வந்தபோதும் நிலைமை மாறவில்லை. எதிரணி ரைடர் வந்தால் இருவரும் பின்வாங்கி நின்றார்கள். பிடிக்கும் வேலை தங்களுடையதல்ல என்பதுபோல. எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. என் பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துகொண்டே சொன்னார்: “ரெண்டு பேருமே பாடப் போறவன். அப்ப புடிக்கறது யாருப்பா?”

தமிழ் தலைவாஸ் அணியின் கடந்த சீசனைப் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி பழகியிருக்கும். புதுச்சேரிக்கெனப் புரோ கபடி லீகில் தனி அணி கிடையாது. வில்லியனூரிலும் பாகூரிலும் தலைவாஸ்தான் நம் அணி. 2025 மே 31-இல் மும்பையில் தொடங்கிய ஏலத்தில் அந்த அணி, நாட்டின் முன்னணி ரைடர்கள் இருவரை ஒருசேர வாங்கியது. அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி ரூபாய். பவன் ஷெராவத்துக்கு 59.5 லட்சம். கூட்டிப் பார்த்தால் சரியாக 2 கோடி. ஓர் அணி செலவிட அனுமதிக்கப்பட்ட 5 கோடியில் ஐந்தில் இரண்டு பங்கு இரண்டே வீரர்களுக்குப் போனது. பவன் அணித் தலைவரானார். ஆகஸ்ட் 29-இல் விசாகப்பட்டினத்தில் தெலுகு டைட்டன்ஸை 38-35 என வென்று சீசனைத் தொடங்கினார்கள். சமூக ஊடகங்கள் கோப்பையையே கொடுத்துவிட்டன. செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை காரணமாகப் பவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார், எஞ்சிய ஆட்டங்களில் ஆடமாட்டார் என்று அணி அறிவித்தது. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். அந்த வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. தேஷ்வால் தலைமையேற்றார். எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின. தலைவாஸ் அவற்றில் இல்லை.

‘ஒரே உறையில் இரண்டு வாள்’ என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். ஆனால் பழமொழி விளக்கம் ஆகிவிடாது. வாளும் உறையும் உயிரற்றவை. ஆட்டக்காரர்களுக்குக் கைகால்கள் உண்டு, செய்வதற்கு வேறு வேலைகளும் உண்டு.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இதே கேள்வி அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படுகிறது. களத்தில் நிற்கும் ஐவரில் இருவர் ‘கார்டு’ எனப்படுவோர். பொதுவாக ஒருவர் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை வகுப்பார். மற்றவர் தொலைவிலிருந்து எறிந்து புள்ளி எடுப்பார். இருவருமே புள்ளி எடுப்பதில் வல்லவர்களாக, இருவருமே பந்து தம் கையில் இருக்க வேண்டும் என்று விரும்புவோராக இருந்தால் என்ன ஆகும்? பந்து ஒன்று. ஒரு முயற்சிக்குக் கிடைக்கும் நேரம் 24 விநாடிகள்.

போர்ட்லாந்து அணி இதற்கான பெரிய பரிசோதனைக்கூடம். டேமியன் லில்லார்ட், சி.ஜே. மெக்கோலம் இருவரும் 2015 முதல் 2022 பிப்ரவரி வரை அங்கே இணைந்து ஆடினார்கள். இருவருமே புள்ளிகளைக் குவித்தார்கள். பெரிய மனக்கசப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. பந்தைப் பகிர்ந்துகொள்வதில் அவர்களுக்குச் சிக்கல் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும் அதிகபட்சமாக எட்டியது 2019-இல் மேற்குப் பிரிவு இறுதி. அங்கே கோல்டன் ஸ்டேட் அணியிடம் 0-4. காரணம் பந்து தங்களிடம் இல்லாத நேரத்தில் இருந்தது. இருவரும் ஆறே கால் அடி உயரத்தைச் சுற்றியவர்கள், கூடைப்பந்தில் அது குட்டை. எதிரணிகள் இவர்கள் காக்கும் பக்கத்தையே தேடித் தேடித் தாக்கின. ஒரு பலவீனத்தை மறைக்கலாம். அருகருகே இரண்டு பலவீனங்களை மறைக்க மற்ற மூவரால் இயலவில்லை.

அவர்களை வென்ற கோல்டன் ஸ்டேட்டுக்கே இந்தப் பாடம் முன்பு தேவைப்பட்டது. 2009-இல் ஸ்டீபன் கர்ரி புதிதாகச் சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே நட்சத்திரமாக இருந்த மான்டா எல்லிஸ், எங்கள் இருவரையும் சேர்த்து ஆடவைத்து வெல்ல முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னது பலித்தது. 2012 மார்ச்சில் எல்லிஸ் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். கர்ரிக்குத் துணையாக வந்த கிளே தாம்சனும் புள்ளி எடுப்பவர்தான், அதுவும் சாதாரணமாக அல்ல. 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டம் முழுவதிலும் அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை. பந்து அவர் கையில் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். ஓடிக்கொண்டே இருந்து, பந்து வந்ததும் எறிந்துவிடுவார். ஆறரை அடி உயரம் கொண்ட அவர், எதிரணியின் சிறந்த கார்டைத் தடுக்கும் கடினமான வேலையையும் ஏற்றுக்கொண்டார். 1989, 1990-இல் டெட்ராய்ட் அணி வென்ற கோப்பைகளிலும் இதையே காணலாம். ஐசையா தாமஸுக்கு அருகில் நின்ற ஜோ டூமர்ஸ் புள்ளியும் எடுத்தார், மைக்கேல் ஜோர்டனையும் தடுத்தார்.

அமெரிக்க உதாரணம் எதற்கு என்று கேட்கலாம். கபடியில் இதே கணக்கு இன்னும் கறாராக வெளிப்படுகிறது என்பதற்காகத்தான்.

கோட்டுக்கு வெளியே உட்காரும் நேரம்

கபடியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாடிச் செல்ல முடியும். 30 விநாடி. 40 நிமிட ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறக்குறைய 40 வாய்ப்புகள். அந்த வகையில் கூடைப்பந்தைவிடப் பங்கீடு எளிது: நீ ஒரு முறை, நான் ஒரு முறை. அதோடு, பிடிபட்ட ரைடர் வெளியேறி உட்கார வேண்டும். அணி அடுத்த புள்ளியை எடுத்தால்தான் ஒருவர் உள்ளே திரும்ப முடியும். வெளியேறிய வரிசைப்படியே திரும்புவதால், முதல் ரைடருக்கு முன்னால் வேறு இருவர் வெளியேறியிருந்தால் அவர் இன்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் புள்ளி எடுத்துத் தோழரை உயிர்ப்பிக்க இரண்டாவது ரைடர் கட்டாயம் தேவை. ஆகவே கபடியில் இரண்டு ரைடர்கள் ஒருவருக்கொருவர் இடையூறு என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. ஒரே ஒரு ரைடரை நம்பும் அணிதான் ஆபத்தில் இருக்கிறது.

சிக்கல் எதிரணி பாடிவரும் 30 விநாடிகளில் தொடங்குகிறது. ஏழு பேரில் இரண்டு கார்னர், இரண்டு கவர் ஆகிய நால்வரும் பிடி வீரர்கள். அவர்களுக்கு இடையிலும் நடுவிலும் நிற்கும் மூவர் ரைடர்கள். பார்வையாளர்களின் கண் கார்னர் மீது இருக்கும். வருகிற ரைடரின் கண்ணோ, கார்னரின் கையைப் பிடித்து நிற்கும் எதிரணியின் பெரிய ரைடர் மீதுதான் இருக்கும். அவரை ஒரு தொடுதலில் வெளியே அனுப்பிவிட்டால் அடுத்த சில நிமிடங்களுக்கு அந்த அணிக்குப் பல் இல்லை. இரண்டு பெரிய ரைடர்கள் இருந்தால் குறிகளும் இரண்டு. அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் பின்வாங்கினால் சங்கிலி அறுந்து கார்னர் தனித்து நிற்பார். தைரியமாக முன்னேறிப் பிடித்தால் தொடப்படும் ஆபத்து. போர்ட்லாந்தின் இரண்டு குட்டைக் கார்டுகளைத் தேடித் தாக்கியதும் பாகூர் மண்ணில் அன்றிரவு நடந்ததும் ஒரே உத்திதான்.

தலைவாஸின் வரலாறு இதற்கு நீண்ட சாட்சி. 2025 முதல் முயற்சி அல்ல. 2019-இல் ஏற்கெனவே அணியில் இருந்த அஜய் தாக்கூருடன் ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு வாங்கிச் சேர்த்தார்கள். இந்திய அணியின் இரண்டு நட்சத்திர ரைடர்கள். மஞ்சீத் சில்லர் போன்ற பெரிய பிடி வீரரும் இருந்தார். சீசன் முடிவில் கடைசி இடம். 2024-இல் நரேந்தர் கண்டோலாவுக்குத் துணையாகச் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு, அந்த ஏலத்தின் உச்ச விலைக்கு, எடுத்தார்கள். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. மூன்றாவதாக 2025.

இடையில் 2022. அந்த ஆண்டு பவன் ஷெராவத்தைத் தலைவாஸ் 2.26 கோடிக்கு வாங்கியிருந்தது. வீரர்களுக்கான மொத்த நிதியில் ஏறத்தாழ பாதி. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம், சீசன் முடிந்தது. அணியும் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். அதன் பின் நடந்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. அறிமுக வீரர் நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்யா பவார் இரண்டாவது ரைடராக நின்றார். சாகர் ராத்தீயும் சாஹில் குலியாவும் கார்னர்களைக் காத்தார்கள். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தானிடம் 37-39 என இரண்டே புள்ளியில் தோற்றது. இன்றுவரை அந்த அணி எட்டிய உச்சம் அதுதான்.

இதை வைத்து ‘நட்சத்திரங்களே வேண்டாம்’ என்று சொன்னால் அது இன்னொரு சோம்பேறித்தனம். பவன் தன் கோப்பையை வென்றதே இன்னொரு ரைடருடன்தான். 2018-19 சீசனில் பெங்களூரு புல்ஸ் அணிக்கு ரோகித் குமார் தலைவர். முந்தைய சீசனில் அந்த அணியின் முதல் ரைடரும் அவரே. பவன் அதற்கு முந்தைய சீசனில் குஜராத் அணியில் அதிகம் களமிறக்கப்படாமல் இருந்தவர். வந்தவர் 271 ரைடு புள்ளிகள் குவித்தார். குஜராத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மட்டும் 22; புல்ஸ் 38-33 என வென்றது. தலைவராக இருந்தும் ரோகித் தன் இடத்தை ஓர் இளையவருக்கு விட்டுக்கொடுத்து இரண்டாவது ரைடராக நின்றார் என்பதைப் புள்ளிப்பட்டியல் சொல்லும். அவர் மனத்தில் என்ன இருந்ததோ, களத்தில் வரிசை தெளிவாக இருந்தது.

2022 பிப்ரவரியில் தபாங் டெல்லி பாட்னாவை 37-36 என வென்ற இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். டெல்லியின் நட்சத்திரம் நவீன் குமார் எடுத்தவை 13. விஜய் மாலிக் எடுத்தவை 14. அந்த சீசனின் நடுவே நவீன் காயத்தால் வெளியே இருந்த ஆட்டங்களில் சுமையைத் தாங்கியவர்களில் விஜய் முதன்மையானவர். பின்வரிசையில் மஞ்சீத் சில்லரும் தமிழகத்தின் ஜீவா குமாரும் போன்ற அனுபவசாலிகள். 2017-இல் பர்தீப் நர்வால் 369 ரைடு புள்ளிகள் எடுத்த பாட்னா அணியில்கூட மோனு கோயத் என்றொருவர் இருந்தார். 369 மட்டும் நினைவில் நிற்பதால் அவரை மறந்துவிடுகிறோம்.

வென்ற இணைகளில் முதல்வர் யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 2025-இன் தலைவாஸில் அந்த ஐயம் ஏலத்தன்றே விதைக்கப்பட்டது என்பது என் கருத்து. அணித் தலைவர் ஒருவர். அவரைவிட இருமடங்குக்கும் மேல் விலை பெற்றவர் இன்னொருவர். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், புள்ளி எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரைடுக்கு யார் போவது? தலைவரா, 1.405 கோடியா? இந்தக் கேள்விக்குப் பயிற்சி முகாமிலேயே விடை சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

விற்பனைக்குக் கிடைக்காத வீரர்

தலைவாஸின் கதையில் என்னை அதிகம் உறுத்துவது வாங்கிய பெயர்கள் அல்ல, போகவிட்ட பெயர்கள். நட்சத்திரங்கள் இருவரும் தடுமாறிய 2019-இல் அந்த அணிக்காகப் புள்ளி எடுத்த இளைஞர் தமிழகத்தின் வி. அஜித் குமார். பிறகு அவர் வேறு அணிகளுக்குப் போனார். 2022 டிசம்பரில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் புனேவை 33-29 என வென்று கோப்பை ஏந்தியபோது, 296 ரைடு புள்ளிகள் எடுத்த முதல் ரைடர் அர்ஜுன் தேஷ்வால். ஆம், இதே தேஷ்வால். அவருக்கு இரண்டாவதாக நின்றவர் அஜித் குமார்! 2022 அரையிறுதிக்குத் தலைவாஸைக் கொண்டுசென்ற அஜிங்க்யா பவாரும் பின்னர் வெளியேறினார். 2025 அக்டோபர் 31-இல் புனேவை 31-28 என வென்று பட்டம் பெற்ற தபாங் டெல்லி அணியில் அவர் இருந்தார். அந்த அணியின் பின்வரிசையில் நின்றவர் ஈரானின் ஃபாஸல் அத்ராச்சலி.

முதல் ரைடரை ஏலத்தில் வாங்கிவிடலாம். பணம் இருந்தால் போதும். இரண்டாவது ரைடர் அப்படிக் கிடைப்பதில்லை. அவர் பத்து முறை பாடிச் சென்று ஐந்து புள்ளியோடு திரும்பி, மீதி நேரம் கார்னரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல்வர் வெளியே இருக்கும்போது பொறுப்பேற்று, அவர் திரும்பியதும் ஒதுங்க வேண்டும். ஏலத்தில் இந்தக் குணத்துக்கு விலைப் பிரிவு இல்லை. விளம்பரப் பலகையிலும் இடமில்லை. நரேந்தரும் பவாரும் 2022-இல் அப்படி அமைந்தது விபத்தின் விளைவு. அந்த விபத்திலிருந்து கற்றுக்கொண்டதாகப் பின்வந்த ஏலங்கள் காட்டவில்லை.

இது மும்பை விடுதி அறையில் கோடிகளோடு முடிந்துவிடும் விவகாரமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஏலத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஊர், அதையே தன் அளவில் செய்து பார்க்கிறது. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரர்களை அழைப்பது புதிதல்ல. முன்பு உறவு, நட்பு என்று ஓரிருவர் வருவார்கள். சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் போதும். இப்போது தொகை பேசப்படுகிறது, பெயர் பேனரில் அச்சாகிறது. அழைக்கப்படுபவர் பெரும்பாலும் ரைடர். கார்னரில் நிற்பவருக்கு யாரும் பேனர் அடிப்பதில்லை. பயிற்சிக்கு வரும் பத்து வயதுப் பையனைக் கேளுங்கள், ரைடராக வேண்டும் என்பான். கணுக்காலைப் பிடிப்பதற்கு மண்ணில் விழுந்து முட்டி தேய்க்க அவனுக்கு என்ன ஊக்கம் கொடுத்திருக்கிறோம்?

இதில் இழப்பு கோப்பை மட்டுமல்ல. ஓர் இளைஞன் மாநிலத் தேர்வுக்குப் போக, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடமோ வேலையோ கேட்க, முதலில் ஆடியிருக்க வேண்டும். நெருக்கடியான இறுதி ஆட்டங்களில் ஆடினால்தான் ஆட்டம் கூர்மையாகும். அந்த ஆட்டங்களிலேயே அவன் இடத்தில் வெளியூர்க்காரர் நின்றால், ஆண்டு முழுவதும் அவன் எடுக்கும் பயிற்சி எதற்கு? வெளியூர் வீரர்களையே தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல ரைடர் ஒருவரோடு ஒரே களத்தில் நிற்பது உள்ளூர்ப் பையனுக்குப் பள்ளிக்கூடம் போல. ஒருவரை அழையுங்கள்; இரண்டாவது இடத்தை ஊருக்கு விடுங்கள். போட்டி நடத்தும் குழுக்கள் ஓர் அணிக்கு ஒரு வெளியூர் வீரர் என்று அறிவிப்பிலேயே அச்சிட்டுவிட்டால் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியிராது. வசூலில் மிச்சமாகும் பணத்தில் பையன்களுக்குப் பழைய மேட் ஒன்று வாங்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மண்ணில் ஆடிப் பழகி மாவட்டத் தேர்வில் மேட்டில் முதன்முறை கால் வைக்கும் பையன் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவு உள்ளூர் அணியில் உட்காரவைக்கப்பட்டவர்களில் ஒரு பையனுக்கு வயது 19 இருக்கும். அரையிறுதி வரை இரண்டாவது ரைடராக ஆடியவன். கவரிலும் நின்று பிடித்தவன். இறுதி ஆட்டத்துக்கு விருந்தினர் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். தோல்விக்குப் பின் விளக்குகளை அவிழ்க்க உதவிக்கொண்டிருந்தவனிடம், அடுத்து எங்கே ஆட்டம் என்று கேட்டேன். வில்லியனூர்ப் பக்கம் ஓர் அணி கூப்பிட்டிருக்கிறது என்றான். ரைடராகவா என்றேன். “ரெண்டும்தாங்க. அங்க புடிக்க ஆள் இல்லையாம்” என்று சொல்லிவிட்டு, ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.